தேங்காய் எழுந்து நின்ற இடம்

சென்ற மாதம் எங்கள் வீட்டை விலைக்குக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. எடப்பாடிப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள். பையனின் படிப்புக்காகச் சேலத்துக்கே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். நல்ல வெயில் நேரம். வந்திருந்த கணவர் கதவுகளைத் தட்டிப் பார்த்தார், மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். அந்த அம்மா அறை அறையாகச் சுற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். என்னிடமோ, கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடமோ கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

“நீ சொல்லு சாமி. மழை பேஞ்சா இங்க தண்ணி நிக்குமா?”

மகளுக்கு ஒன்பது வயது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அதற்கு முன் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள்.

கிட்டத்தட்ட இதே கேள்வியை, இதே வயதில், இதே நிலத்தைப் பற்றி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலின் மேல்தான் இந்த வீடு நிற்கிறது.

அப்போது நாங்கள் சூரமங்கலத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் வாடகைக்கு இருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு குழாய். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். வீட்டுக்காரம்மா குழாய்க்கு ஒரு பூட்டு வைத்திருந்தார். முறை போட்டுக் குடித்தனத்துக்கு இத்தனை குடம் என்று அவர்தான் நின்று பார்ப்பார். ஒருமுறை நான் நிறைகுடத்தை வாசற்படியில் கவிழ்த்துவிட்டேன். அவர் திட்டவில்லை. “உங்கூட்டுப் புள்ளைக்குத் தண்ணியோட அருமை தெரியல” என்று எல்லார் முன்னாலும் அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் படியைத் துடைத்து, ஈரத்தைப் பிழிந்து செம்பருத்திச் செடிக்கு விட்டாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரம்மாவின் பேச்சைவிட அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

அப்பா லாரி புக்கிங் ஆபீசில் எழுத்தர். சொந்த ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். அங்கே எங்கள் புன்செய்க் காட்டில் மூன்று முறை தண்ணீருக்காகப் போர் போட்டார்களாம். மூன்று முறையும் புகை மாதிரிக் கல்மாவுதான் மேலே வந்ததாம். வேட்டியெல்லாம் வெள்ளையாகி நின்ற தன் அப்பாவை, மாவு மில்லில் இருந்து வருகிறவர் மாதிரி இருந்தார் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும். மூன்றாவது போருக்குப் பிறகுதான் அப்பா ஊரைவிட்டு வேலைக்கு வந்தார். ஆகவே அவரைப் பொறுத்தவரை நிலத்தில் இரண்டே வகை உண்டு. தண்ணீர் உள்ள நிலம், தண்ணீர் இல்லாத நிலம். அதற்கு மேல் நிலத்தைப் பற்றிக் கேட்க எதுவுமில்லை.

அந்தக் கோடையில் அவர் ஒரு நோட்டீசோடு வந்தார். நகரத்தை ஒட்டிப் புதிதாக மனை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியச் சாப்பாடு. அம்மாவுக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் அந்த ஞாயிறு எங்கள் தண்ணீர் முறை. சொந்த வீட்டுக்கான இடத்தைப் பார்க்க அவளை வாடகை வீட்டுக் குழாய் விடவில்லை. அவளுக்குப் பதிலாக நான் போனேன். கூட மாமாவும் வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர் போடப் போகிறவர். ஊர் மாரியம்மன் பண்டிகைக்காக நாலு நாள் வந்திருந்தார். போர் போடுவது மட்டுமல்ல, எங்கே தோண்டலாம் என்று பாயிண்ட் பார்ப்பதிலும் அவருக்குப் பெயர் உண்டு. உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். அடியில் ஊற்று இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அதை நம்பாதவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் அவர்களும் போர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை தேங்காயோடு ஒருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மனை இருந்த இடம் எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. பெரிய சட்டி போல நடுவில் தாழ்ந்த வெட்டவெளி. சுற்றிலும் சீமைக்கருவேலம். கலர் கலராகத் தோரணம், பந்தல், மைக் செட்டு. வெள்ளையும் சிவப்பும் அடித்த எல்லைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. புரோக்கர் ஒரு பழைய கல் மேடைமீது ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு கல் தூண்களும் குறுக்கே ஒரு கல்லும் இருந்தன. தூண்களுக்கு மாவிலை கட்டியிருந்தார்கள்.

“மாமா, அது கோயிலா?”

மாமா அதைச் சற்று நேரம் பார்த்தார். “ஆமா சாமி. தண்ணி சாமி கோயில்.”

“சாமி எங்க?”

“ஊருக்குப் போயிருக்குது.”

“எப்ப வரும்?”

“அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப” என்று சொல்லிவிட்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது ஏரியின் மதகு என்பது எனக்குத் தெரியாது. மதகு என்ற சொல்லே எனக்குத் தெரியாது.

அப்பா நோட்டீசில் குறித்து வைத்திருந்த மனைக்கு நடந்தார். மண் கறுப்பாக, ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் விரலை விட்டேன். சாம்பல் நிறத்தில் ஒரு நத்தை ஓடு. இன்னொரு வெடிப்பில் இன்னொன்று. ஊதினால் விசில் வந்தது. பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா திரும்பிப் பார்த்தார். “என்ன சாமி பொறுக்கற?” கையை விரித்துக் காட்டினேன். பார்த்தார். தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மனைக்குள் முதல் அடி வைத்ததுமே தேங்காய் எழுந்து நின்றது. அப்பா கைதட்டினார். மாமா இன்னும் பத்தடி போனார். மறுபடி எழுந்து நின்றது. மனையைத் தாண்டி ரோட்டுக்கென்று விட்டிருந்த இடத்தில் நின்றார். அங்கேயும் நின்றது. வேனில் வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஏனுங்க, எங்க மனையவும் ஒரு எட்டுப் பாத்துப்போடுங்க.” பார்த்தார். எல்லா மனையிலும் நின்றது. புரோக்கருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்தாலும் இப்படி ஒரு ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று மைக்கிலேயே சொன்னார். மாமாவுக்கு இரண்டாவது பொட்டலம் கொடுத்தார்.

மாமா அதைப் பிரிக்கவில்லை. “மச்சான், தேங்காய்க்குப் படுக்கறதுக்கே எடமில்லீங்க இங்க” என்றார். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார்.

“மாப்ள, எத்தனை அடியில வரும்?”

“அம்பது, அறுவது.”

“அறநூறா?”

“அறுவதுங்க மச்சான். வெறும் அறுவது.”

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெயிலில் நின்றவர் மேல் யாரோ குளிர்ந்த துணியைப் போட்டது மாதிரி. மூன்று போரின் கல்மாவும் அந்த நிமிடம் அவர் மேலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும். வேனில் திரும்பும்போது, உனக்குத் தனி அறை, அதில் தெருவைப் பார்த்த ஜன்னல், பூட்டில்லாத குழாய் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு கட்டி முடித்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே அம்மா என் பாவாடையைத் துவைத்துக் காயப் போட்டாள். நத்தை ஓடுகளை நான் அதற்கு முன்பே எடுத்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிட்டேன். நாலு பொறுக்கியிருந்தேன்; எண்ணி வைக்கவில்லை.

மறுநாள் சிக்கல் கீரைக்காரம்மா உருவில் வந்தது. அந்த இடத்தின் பெயரை அம்மா சொன்னதும், “அது ஏரியாச்சே கண்ணு. நாங்க மாடு குளிப்பாட்டின ஏரி” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, ஏரிக்குள்ளயா வாங்கறோம்?”

“ஏரி அந்தப் பக்கம். இது மேடு.”

“கீரைக்காரம்மா பொய்யா சொல்லுது?”

“அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? ஏரின்னா தண்ணி இருக்கோணுமில்ல? எத்தனை வருசமாக் காஞ்சு கெடக்குது. தண்ணியே இல்லாததுக்குப் பேரு ஏரியா?”

தண்ணீர் இருப்பதற்காக ஒரு இடத்தை வாங்குகிறவர், தண்ணீர் இல்லை என்பதால் அது ஏரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வக்கீலாகியிருக்கலாம். அம்மா விடவில்லை. மாமாவைப் பார்த்தாள். அவர் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டது.

“நீயாச்சும் சொல்லு. நாளைக்குப் புள்ள குட்டியோட இருக்கற ஊடு. அது ஏரியா, மேடா?”

“தண்ணி இருக்குதுக்கா” என்றார் மாமா. அவ்வளவுதான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் என் முழங்காலுக்குப் பக்கத்தில் மூடி இருந்தது.

“நீ சொல்லு சாமி. நீதான் ஓடியாடிப் பாத்தவ. அங்க நத்தை ஓடு, நண்டு வளை, ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?”

நத்தை ஓட்டுக்கும் ஏரிக்கும் உள்ள உறவு அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் ஜன்னல் வைத்த அறை என் கண்முன்னால் வந்தது. பூட்டில்லாத குழாய் வந்தது. அம்மா முந்தானையால் துடைத்த வாசற்படி வந்தது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓடுகளை என் உள்ளங்கையில் அவர் பார்த்திருக்கிறார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“இல்லம்மா” என்றேன். “கல்லுதான் இருந்துச்சு.”

மாமா காபியை ஒரே மடக்கில் குடித்தார். அம்மா, “சரி, வாங்கிப்போடலாமுங்க” என்றாள்.

பூமி பூஜையன்று, மூலையில் தோண்டிய குழிக்குள் நவதானியம் போடச் சொன்னார்கள். என் பங்கை அள்ளிப் போடும்போது அதோடு மூன்று நத்தை ஓடுகளையும் போட்டு மூடிவிட்டேன். நாலாவது எங்கே போனதென்று தெரியவில்லை. அதைத் தேடிப் பல நாள் பயந்தேன். போர் ஐம்பத்தெட்டு அடியில் தண்ணீரைப் பீய்ச்சியது. அம்மா அதைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா நனைந்த வேட்டியோடு நின்று சிரித்தார், இந்த முறை கண் வரைக்கும். என் பொய் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன்.

நல்ல வருடங்கள்தான் அவை. பிறகு சுற்றிலும் வீடுகள் வந்தன. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதன் மேலேயே புதியதைப் போட்டார்கள். எங்கள் வாசல் ரோட்டுக்கு மேலே இருந்தது, சமமானது, கீழே போனது. மலையிலிருந்து ஏரிக்கு வந்த வாய்க்கால் சாக்கடையானது, சாக்கடைக்கு மூடி போட்டு அதன் மேல் கடைகள் வந்தன. ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டிய பிறகு, பங்குனியிலேயே தொட்டித் தண்ணீர் கையைச் சுடுகிறது. ஏரியின் கடைசித் திறந்த பகுதியும் மண் கொட்டி மூடப்பட்ட அடுத்த கோடையில் எங்கள் போர் வற்றியது. மாமா அப்போது உயிரோடு இல்லை. வேறு ரிக் வந்தது. எழுநூறு அடிக்குப் போய்க் கொஞ்சம் கசிவு. எங்கள் வாசலிலும் வெள்ளைக் கல்மாவு படிந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவரும் அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்திருந்தார். அதை நான் ஆறுதலாகத்தான் நினைக்கிறேன்.

மழையும் மாறிவிட்டது. ஒரு மாதம் பிரித்துப் பெய்ய வேண்டியதை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் எட்டிப் பார்ப்பதில்லை.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மதியம். நான் ஆசிரியை. பள்ளியில் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். என் கணவர் ஓசூரில் வேலையில் இருந்தார். மழை விட்டதும் கிளம்பினேன். ரயில்வே பாலத்தின் அடியில் ஒரு டவுன் பஸ் ஜன்னல் வரை முழுகி நின்றது. எங்கள் வீடு அந்தப் பக்கம். போன் போட்டேன், போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டேன், போகவில்லை. ஒரு டீக்கடைத் தகரத்தின் கீழ் இரண்டு மணி நேரம் நின்றேன். என் பக்கத்தில் ஒருவர் வடை சாப்பிட்டுக்கொண்டே தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

கடைசியில் வேறு வழியாகச் சுற்றி, இடுப்புத் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தபோது, மொட்டை மாடிப் படியின் மேல்தட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. படியேறி நாலு வருடமாகிறது. மகள்தான் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி ஏற்றியிருக்கிறாள். “அம்மாச்சி ஒவ்வொரு படிக்கும் வேண்டாம் வேண்டாம்னு சொன்னாங்க” என்று என்னிடம் புகார் சொன்னாள். கீழே கூடத்தில் ஜன்னல் வரை தண்ணீர், எந்தச் சத்தமும் இல்லாமல், ரொம்ப நாள் குடியிருந்தது போல நின்றது.

இரண்டு நாள் கழித்துச் சேற்றைக் கழுவும்போது மகள் கூப்பிட்டாள். கூடத்துச் சுவரில் வரிசையாக நத்தைகள். உயிரோடு, மெதுவாக, மேலே ஏறிக்கொண்டிருந்தன. நான் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அவற்றைப் பார்த்தாள்.

“உன்ற பாவாடைப் பைக்குள்ள ஒண்ணு கெடந்துச்சு” என்றாள். “தொவைக்கறப்பவே பாத்தேன்.”

எந்தப் பாவாடை என்று நான் கேட்கவில்லை. “அப்புறம் ஏம்மா என்னைக் கேட்ட?” என்றுதான் கேட்டேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தேவைப்படும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக மந்தமாகும். அன்று பதில் வரவில்லை.

இதெல்லாம் ஒரு கணத்தில் என் தலைக்குள் ஓடி முடிந்தது. என் மகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“நிக்குங்க. போன ஐப்பசியில இந்த ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. இது பழைய ஏரிங்க.”

அந்த அம்மா சட்டென்று ஜன்னலைவிட்டுத் தள்ளி நின்றார், தண்ணீர் இப்போதே அங்கே இருப்பது மாதிரி. அவர் கணவரின் முகத்தில்தான் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் முன்பே ஒருமுறை, ஒரு வெட்டவெளியில், வெயிலில் பார்த்திருக்கிறேன்.

“ஏரியா? அப்ப போர்ல தண்ணிக்குக் கொறையே இருக்காதுன்னு சொல்லுங்க.”

“எழுநூறு அடிங்க. சித்திரையானா லாரித் தண்ணிதான்.”

அவர் தலையாட்டினார். நான் சொன்னது அவர் காதுக்குள் போனதாகத் தெரியவில்லை. பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள்.

வாசல் கேட் சாத்தப்பட்டதும் மகள் வெடித்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் புத்தகப் பையைப் பரண்மேல் வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். இந்த வீட்டைவிட்டு எப்போது போவோம் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறாள்.

“ஏம்மா உளறுன? நான் நிக்காதுன்னுதான் சொல்ல இருந்தேன். அவங்க வாங்கியிருப்பாங்க!”

அவள் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். ஐந்து மாதமாக அம்மாவின் காதுக்குள் போகாமல் இருந்த, ‘அப்புறம் ஏன் என்னைக் கேட்ட’ என்ற என் கேள்வி அப்போதுதான் உள்ளே போனது போலிருக்கிறது.

“நானும் அன்னிக்கு உன்ற வாயில இருந்து இல்லைன்னு வரோணும்னுதான் கேட்டேன் சாமி” என்றாள். “எனக்கும் அந்தக் குழாய்ல நின்னு நின்னு போதுமுன்னு ஆயிருச்சு. உன்ற மாமனும் அதுக்குத்தான் வாயத் தொறக்கல.”

அப்பாவைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மூடிய ஜாமெட்ரி பாக்ஸைக் காலால் மறைத்துக்கொண்டு, மூன்று பெரியவர்களை ஏமாற்றிவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன் அன்று. அந்த ஒரு வார்த்தைக்காக அவர்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்பது ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும்?